தள்ளிவைத்த பழுதும் தவறிப்போன தகவலும்

நீங்கள் சாங்கி விமான நிலையத்தில் ஏறி உட்காரும் விமானத்தில் ஏதாவது ஒரு சாதனம் பழுதாகவே இருக்கலாம். விமானிக்கு அது தெரியும். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பொறியாளருக்கும் தெரியும். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது. முதல் தடவை கேட்பவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும். ஆனால் விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியான ஒன்று உண்டு: முறைப்படி தள்ளிவைத்த பழுதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பழுதைப் பற்றிய செய்தி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும்போது சிந்திச் சிதறுகிறதே, அதைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

முதலில் இந்தத் தள்ளிவைப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பயணிகள் விமானத்தில் உயிர்நாடியான எதையும் ஒற்றையாக விடுவதில்லை. மின்னாக்கி, நீரழுத்த அமைப்பு, வேகமானி, கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் இரண்டோ மூன்றோ இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். எது போயிருந்தால் பறக்கலாம், எந்த நிபந்தனையின்பேரில் பறக்கலாம், எத்தனை நாளைக்குள் சரிசெய்ய வேண்டும் என்று வரையறுத்துச் சொல்லும் ஆவணத்துக்கு எம்இஎல் என்று பெயர். குறைந்தபட்சச் சாதனப் பட்டியல் என்று சொல்லலாம். விமானத்தைத் தயாரித்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட மூலப் பட்டியல் ஒன்று இருக்கும். அதைவிடத் தளர்வாக இல்லாதபடி ஒவ்வொரு விமான நிறுவனமும் தனக்கென ஒன்றை எழுதி, தன் நாட்டு ஆணையத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். சிங்கப்பூர் நிறுவனங்களுக்கு அந்த ஒப்புதலைத் தருவது சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்.

காலக்கெடுவில் நான்கு வகை. பி வகை என்றால் 3 நாள், சி என்றால் 10 நாள், டி என்றால் 120 நாள். பழுதைக் கண்டுபிடித்த நாள் இந்தக் கணக்கில் சேராது. ஏ வகைக்குப் பொதுவான கெடு கிடையாது. அந்தந்தச் சாதனத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சில சாதனங்களுக்குப் பக்கத்தில் எம் என்ற எழுத்து இருக்கும். பறக்கவிடும் முன் பொறியாளர் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள்: வால்வை மூடிப் பூட்டுவது, ஒரு சாதனத்துக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்க அதன் சர்க்கிட் பிரேக்கரை இழுத்து வளையம் மாட்டுவது போன்றவை. ஓ என்ற எழுத்து இருந்தால் விமானி தன் நடைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும். பழுதை விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாக்கில் எழுதி, எம்இஎல் எண்ணைக் குறித்து, காக்பிட்டில் ‘இன்ஆப்’ (வேலை செய்யவில்லை) என்று ஸ்டிக்கர் ஒட்டி, உரிமம் பெற்ற விமானப் பொறியாளர் கையெழுத்திடுவார். எல்ஏஇ என்று சாங்கியில் அழைப்பது இவரைத்தான். பிறகு கேப்டன் அதைப் படித்து ஏற்றுக்கொண்டு கையெழுத்திடுவார். இந்த வேலை முழுவதற்கும் விமானங்கள் நிற்கும் தளமான ராம்ப்பில் புழங்கும் சொல் ‘டிபர் பண்றது’.

காகிதத்தில் பார்த்தால் ஓட்டையே இல்லாத முறை. ஓட்டை விழுவது எங்கே என்று தெரிய, காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் நடக்கக்கூடிய ஒரு பேச்சைக் கற்பனை செய்து பார்ப்போம். இரவெல்லாம் வேலை பார்த்த இளைஞர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார்:

“அண்ணே, அந்தப் பிளேன்ல ஏபியு டிபர் பண்ணியாச்சு. மத்தபடி ஒண்ணும் இல்ல.”

“சரி தம்பி, நீ கெளம்பு. பஸ் போயிடப் போகுது.”

இரண்டு பேருமே நல்ல வேலைக்காரர்கள். சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியில் எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். ஏபியு என்பது விமானத்தின் வாலில் இருக்கும் சிறிய இயந்திரம். தரையில் நிற்கும்போது மின்சாரமும், ஏர்கானுக்கும் எஞ்சினைக் கிளப்புவதற்கும் வேண்டிய அழுத்தக் காற்றும் அது தரும். அந்த இயந்திரமே கிளம்பவில்லையா? இயந்திரம் ஓடுகிறது, அதன் மின்னாக்கி மட்டும் போய்விட்டதா? மின்சாரம் வருகிறது, காற்றுக் குழாயின் வால்வு மட்டும் கெட்டுப்போய்ப் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறதா? இவை மூன்றும் எம்இஎல்லில் மூன்று வெவ்வேறு இடங்களில் இருப்பவை. மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. விமானி கவனிக்க வேண்டியதும் வேறு. ‘ஏபியு டிபர்’ என்று கேட்டவர் மூன்றில் எதை மனத்தில் வாங்கிக்கொண்டார் என்று சொன்னவருக்குத் தெரியாது.

அடுத்து, அந்த விமானம் எங்கே போகிறது? சாங்கியில் எந்த நிறுத்துமிடத்தில் நின்றாலும் மின்சாரமும் குளிர்காற்றும் கிடைக்க வழி உண்டு. போய் இறங்கும் சிறிய நிலையத்தில் எஞ்சினைக் கிளப்பக் காற்று தரும் வண்டி தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்காவிட்டால், 180 பேரும் வெயிலில் கொதிக்கும் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்து வராது. நாளிதழிலும் வராது. ஆனால் இதே இடைவெளிதான் வேறொரு சாதனத்தில், வேறொரு நாளில் உயிரைக் குடிக்கிறது.

இதற்கு நான் படித்ததிலேயே மிகத் தெளிவான பாடம் 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது. ஏர் கனடாவின் புத்தம்புதிய போயிங் 767, மொன்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் போகும் வழியில் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சினும் அணைந்து, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கி இறங்கியது. இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். கிலோவுக்கும் பவுண்டுக்கும் கணக்குத் தவறியதால் நடந்தது என்றுதான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் கதையின் பின்பாதி மட்டுமே. எரிபொருள் மானி வேலை செய்திருந்தால் அந்தக் கணக்கையே போட்டிருக்க வேண்டியதில்லை. மானிகள் வேலை செய்யாத நிலையில் விமானம் கிளம்ப எம்இஎல் இடமும் கொடுக்கவில்லை. பின் எப்படிக் கிளம்பியது?

எரிபொருள் அளவைக் கணக்கிடும் கருவியில் இரண்டு தடங்கள். முந்தைய நாள் எட்மன்டனில் ஒரு பொறியாளர் மானிகள் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். இரண்டாம் தடத்தின் சர்க்கிட் பிரேக்கரை இழுத்துவிட்டதும் முதல் தடத்தின் உதவியால் மானிகள் உயிர்பெற்றன. அவர் பிரேக்கருக்கு அடையாளச் சீட்டு மாட்டிவிட்டு டெக் லாக்கில் எழுதினார். எழுதியதன் சாரம் இது: சோதனையில் மானிகள் வெறுமையாக இருந்தன, இரண்டாம் பிரேக்கர் இழுக்கப்பட்டுச் சீட்டு மாட்டப்பட்டது, புறப்படும் முன் குச்சி விட்டு எரிபொருளை அளக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் பிரேக்கரை இழுத்த பிறகு மானிகள் வேலை செய்தன என்பதை அவர் எழுதவில்லை. அவருக்கு அது கண்முன் தெரிந்த விஷயம்; எழுதத் தோன்றியிருக்காது.

மறுநாள் மொன்ட்ரியலில் இன்னொரு தொழில்நுட்பர் அந்தக் குறிப்பைப் படித்தார். என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. தானே சோதித்துப் பார்க்கலாமென்று பிரேக்கரைத் திரும்ப உள்ளே தள்ளினார். மானிகள் மறுபடி வெறுமையாயின. அதற்குள் எரிபொருள் வண்டி வந்துவிட்டது. கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. பிரேக்கர் உள்ளேயே இருந்துவிட்டது, சீட்டு மட்டும் அதில் தொங்கியபடி. இறங்கிப்போன கேப்டன் புதிய கேப்டனிடம் எரிபொருள் மானியில் சிக்கல் இருப்பதை வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். மானிகளே இல்லாமல்தான் விமானம் வந்திருக்கிறது என்று புதியவர் புரிந்துகொண்டார். காக்பிட்டுக்குள் நுழைந்தார். மானிகள் வெறுமையாக இருந்தன. குறிப்பைப் படித்தார். அதுவும் அப்படித்தான் சொல்வதுபோல் இருந்தது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியதால் சந்தேகம் வர வழியில்லாமல் போயிற்று. பராமரிப்புப் பிரிவு இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று நம்பினார்.

தேவை 22,300 கிலோ. ஒரு லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். டாங்கியில் இருந்தது 22,300 பவுண்டு. அதாவது வேண்டியதில் பாதிக்கும் குறைவு. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஒரு கருவிக்குள் ஈயப் பற்றவைப்பு (சோல்டரிங்) சரியாகப் பிடிக்காத ஒரு புள்ளி, டெக் லாக்கில் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம், பாதி சொல்லி பாதி ஊகித்த ஒரு பேச்சு. இத்தனையும் சேர்ந்துதான் அந்தக் கணக்குத் தவறுக்குக் கதவைத் திறந்துவிட்டன.

ஆகவே ‘எது வேலை செய்யவில்லை’ என்று எழுதுவது பாதி வேலைதான். இப்போது எது வேலை செய்கிறது, எந்த நிலையில் விட்டிருக்கிறேன், எதைத் தொடக் கூடாது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். ‘இன்ஆப்’ என்ற ஒற்றைச் சொல் இதில் எதையும் சொல்வதில்லை. அவசரத்தில் எழுதுபவருக்கு அது வசதி. படிப்பவருக்கு அது புதிர்.

சாங்கியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே லைன் மெயின்டனன்ஸில், அதாவது பயணங்களுக்கு இடையே விமானத்தைக் கவனிக்கும் பராமரிப்பு வேலையில், சீனர், மலாய்க்காரர், தமிழர், பிலிப்பினோ, மலேசியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர் என்று பலரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். தமிழர் இருவர் சேர்ந்தால் பேச்சு தமிழில்தான் போகும். ‘கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, சூடேறினா போயிடுது, ஆறினா திரும்ப வருது’ என்று ஒருவர் சொல்லும்போது பழுதின் குணமே அதில் வந்துவிடுகிறது. எங்கே தேட வேண்டும் என்று அனுபவசாலிக்கு அந்த ஒரு வரியே வழிகாட்டும். ஆனால் டெக் லாக் ஆங்கிலத்தில். எழுதும்போது அந்தச் சூடும் ஆறலும் போய், சாதனத்தின் பெயரும் ‘இன்ஆப்’பும் மட்டும் மிஞ்சுகின்றன. ஆங்கிலத்தில் நீளமாக எழுதினால் பிழை வந்துவிடுமோ என்ற கூச்சமும் பலருக்கு உண்டு. இலக்கணப் பிழையால் எந்த விமானமும் விழுந்ததில்லை என்று அவர்களிடம் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். பராமரிப்புக் கையேடுகளை எல்லா நாட்டவரும் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காக 1980களிலேயே எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம் ஒன்றை உருவாக்கினார்கள். படிப்பதற்கு அவ்வளவு அக்கறை காட்டிய தொழில், கையால் எழுதுவதற்கு அதே அக்கறையைக் காட்டவில்லை என்பது என் மனக்குறை.

வெளிநாட்டு நிறுவனத்தின் விமானம் என்றால் தொலைபேசியும் நடுவில் வரும். விமானம் இங்கே, கையெழுத்துப் போடுபவர் இங்கே. அதன் பராமரிப்புக் கட்டுப்பாட்டு மையம் வேறொரு நாட்டில். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே எம்இஎல் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் ஒன்றுபோலக் கேட்கும். இடது வலது எப்போதும் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்த கணக்கு. விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்று பேசுபவருக்கு அது நேர்மாறு. இதையெல்லாம் தடுக்கும் ஒரே வழக்கம், கேட்டவர் கேட்டதைத் திரும்பச் சொல்வது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் விமானிக்கு அது கட்டாயம். பொறியாளர்களின் பேச்சிலும் அது அதே அளவுக்கு ஊறிப்போயிருக்க வேண்டும்.

சில நேரம் செய்தி முழுமையாகவே கைமாறும். ஆனால் அது தவறான பழுதைப் பற்றிய செய்தியாக இருக்கும். 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பானேர் நிறுவனத்தின் எம்டி-82 விமானம் புறப்படும்போது விழுந்து, இருந்த 172 பேரில் 154 பேர் மாண்டார்கள். அன்று அந்த விமானம் ஓடுபாதை வரை போய், வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி அளவுக்குமீறிச் சூடாவதைக் கண்டு திரும்பி வந்தது. அந்த உணரியைப் பனி படியாமல் காக்கும் ஹீட்டர் தரையில் நிற்கும்போது ஓடவே கூடாது. ஓடியது. பொறியாளர் எம்இஎல்லைப் புரட்டினார். பனி படியும் வானிலை இல்லையென்றால் அந்த ஹீட்டர் இல்லாமலும் பறக்கலாம் என்று இருந்தது. பிரேக்கரை இழுத்து ஹீட்டரை நிறுத்தி, தள்ளிவைத்துக் கையெழுத்திட்டார். விதிப்படி பார்த்தால் எல்லாம் சரி.

ஆனால் ஹீட்டர் கெட்டுப்போகவில்லை. வேலை செய்யக் கூடாத நேரத்தில் வேலை செய்தது. விமானம் தரையில் நிற்கிறதா, வானில் பறக்கிறதா என்பதைச் சில சாதனங்களுக்கு உணர்த்தும் ரிலே ஒன்று உண்டு. அதே ரிலேதான் ‘இறக்கை மடிப்பை விரிக்காமல் புறப்படுகிறாய்’ என்று கத்த வேண்டிய எச்சரிக்கை மணிக்கும் இணைப்பு. அன்று விமானிகள் அவசரத்தில், தூக்கு விசையைக் கூட்டும் அந்த மடிப்புகளை விரிக்க மறந்தார்கள். மணி அடிக்கவில்லை. ரிலேதான் பழுதா என்பதை விசாரணையால் அறுதியாக நிறுவ முடியவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. ‘ஹீட்டர் தள்ளிவைக்கப்பட்டது’ என்று படிக்கும் கேப்டன், சின்ன விஷயம் என்று கையெழுத்திடுவார். ‘தரையில் ஹீட்டர் ஓடுகிறது, காரணம் தெரியவில்லை’ என்று படித்தால் நின்று யோசிப்பார். எம்இஎல் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி, பழுதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதியாக மாறிவிடக் கூடாது. காரணம் தெரியவில்லை என்று எழுதுவதை இந்தத் தொழிலில் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு பொறியாளர் எழுதக்கூடிய மிக நேர்மையான வரியாகப் படுகிறது.

விமானியின் நடைமுறையை மாற்றச் சொல்லும் ஓ என்ற எழுத்தின் கதையும் உண்டு. 2007 ஜூலை 17 அன்று சாவ் பாவ்லோவின் கொங்கோனியாஸ் விமான நிலையத்தில் மழை ஈரம் காயாத ஓடுபாதையில் டாம் நிறுவனத்தின் ஏ320 நிற்காமல் பாய்ந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 199 பேர் பலியானார்கள். வலது எஞ்சினில், இறங்கிய விமானத்தின் வேகத்தைத் தணிக்கும் எதிர் உந்துவிசை அமைப்பு முறைப்படி தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அப்படி இருக்கும்போது இரண்டு விசைநெம்புகளையும் எப்படி இழுக்க வேண்டும் என்பதற்கான நடைமுறை சில மாதங்களுக்கு முன்புதான் மாறியிருந்தது. இறங்கும்போது வலது நெம்பு ஏறுமுக நிலையிலேயே நின்றுவிட்டதைப் பதிவுப் பெட்டி காட்டியது. பொறியாளரின் பங்கில் குறை இல்லாவிட்டாலும், பழுதோடு சேர்ந்து வர வேண்டிய நடைமுறை விமானியின் கையில் பழக்கமாக இறங்கவில்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. மழை ஓயாத நம் ஊரில் இதை வேறு யாருடைய கதையாகவோ ஒதுக்க முடியாது.

விமானியின் பேனாவும் தப்பவில்லை. 2018 அக்டோபர் 28 இரவு பாலியிலிருந்து ஜகார்த்தா வந்த லயன் ஏர் 737 மேக்ஸ் விமானத்தில் கட்டுப்பாட்டுத் தண்டு விடாமல் அதிர்ந்தது. மூக்கு தானாகவே கீழே சாயப் பார்த்தது. விமானிகள் வால் இறக்கையின் சாய்வை மாற்றும் மின்னியக்கத்தைத் துண்டித்துக் கையால் சமாளித்து இறங்கினார்கள். ஆனால் டெக் லாக்கில் எழுதியது வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை என்பதும் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்பதும் மட்டுமே. தண்டு அதிர்ந்ததும், மின்னியக்கத்தைத் துண்டிக்க வேண்டி வந்ததும் அதில் இல்லை. பொறியாளர் எழுதியிருந்ததற்கு ஏற்ற வேலையைச் செய்து விடுவித்தார். மறுநாள் காலை அதே விமானம் ஜாவாக் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு வடிவமைப்பில் தொடங்கிப் பல காரணங்கள். ஆனாலும் அந்த இரவு எழுதப்படாத இரண்டு வரிகள் என்னை இன்றும் உறுத்துகின்றன.

நமக்கு மிக நெருக்கமானது ஏர்ஏஷியா கியூஇசட்8501. 2014 டிசம்பர் 28 காலையில் சுராபாயாவிலிருந்து கிளம்பி சாங்கிக்கு வர வேண்டிய விமானம். 162 பேர். சாங்கியில் காத்திருந்த உறவினர்களின் முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர் அதைப் புயலில் சிக்கிய விமானம் என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு 2015 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. வாலில் உள்ள சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் சாதனத்தின் மின்பலகையில் பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. கிம்லி விமானத்திலும் பற்றவைப்புதான். இடையில் 31 ஆண்டுகள். அந்த விரிசலால் 2014இல் மட்டும் 23 முறை அதே பழுது பதிவாகியிருந்தது. கடைசி மூன்று மாதங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

23 முறையும் யாரோ ஒருவர் கவனித்தார், யாரோ ஒருவர் ஏதோ செய்தார். பெரும்பாலும் கணினியை ரீசெட் செய்வது, சோதனை ஓட்டிப் பார்ப்பது, சரியாகிவிட்டது என்று முடித்துவிடுவது. தரையில் சோதித்தால் சரி, வானில் ஏறினால் பழுது. ஒவ்வொரு பதிவும் தனித்தனியாக மூடப்பட்டதால், எல்லாம் ஒரே பழுதின் திரும்பத் திரும்ப வரும் முகம் என்பதை வலுவாக எடுத்துச் சொல்லும் ஆள் இல்லை. இதைத் தள்ளிவைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. தள்ளிவைத்திருந்தால் காலக்கெடு ஓடியிருக்கும். அடுத்தவர் கண்ணில் பட்டிருக்கும். ‘ரீசெட், ஓகே’ என்று மூடுவது தள்ளிவைப்பதைவிட மோசம் என்பது என் கருத்து. பழுது அப்படியே இருக்கும். அதைப் பற்றிய நினைவு மட்டும் அழிந்துவிடும்.

விபத்துக்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 25 அன்று, இதே பழுது இதே விமானத்தில் வந்தது. கேப்டனும் அவரே. பொறியாளர் தரையில் சர்க்கிட் பிரேக்கரை இழுத்து ரீசெட் செய்வதை அவர் பார்த்தார். மறுபடி வந்தால் நானும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். திரையில் அறிவுறுத்தல் வரும்போது செய்யலாம் என்ற பொருளில் பதில் வந்தது. நல்லெண்ணத்தில் கேட்டது, நல்லெண்ணத்தில் சொன்னது. தரையில் செய்தால் சாதுவான அந்த வேலையை வானில் செய்தால் தானியங்கி ஓட்டமும் பல பாதுகாப்புகளும் ஒரே நேரத்தில் விலகிவிடும் என்பது அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை. 28ஆம் தேதி வழியில் அந்த எச்சரிக்கை நான்கு முறை வந்தது. முதல் மூன்று முறை முறைப்படியான பொத்தானை அழுத்தினார்கள். நான்காவது முறை பதிவான தடம், பிரேக்கர் இழுக்கப்பட்டதோடு ஒத்துப்போனது. விமானம் இடப்பக்கம் 54 பாகை வரை சாய்ந்தது. பிறகு மூக்கு மேலேறி, தூக்கு விசை இழந்து விழத் தொடங்கியது. அந்தக் கடைசி நிமிடங்களிலும் தகவல் குழம்பியது. ‘புல் டவுன்’ என்று கேப்டன் நான்கு முறை சொன்னார். புல் என்றால் தண்டைத் தன் பக்கம் இழுப்பது. டவுன் என்றால் மூக்கைக் கீழே கொண்டுபோவது. துணைவிமானி தண்டை இழுத்தபடியே இருந்தார்.

ஷிப்ட் கைமாற்றத்தில் விழுந்த விமானமும் இருக்கிறது. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் 14 பேருடன் விழுந்த கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானத்தின் வால் இறக்கையில் 47 திருகுகள் இல்லை. ஒரு ஷிப்ட் கழற்றியது அடுத்த ஷிப்டுக்குத் தெரியவில்லை. கழற்றியது வாலின் மேற்புறத்தில்; தரையில் நின்று பார்த்தால் தெரியாது. அதன் பின்னும் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1993இல் கனடாவில் கோர்டன் டுபான்ட் பராமரிப்புத் தவறுகளின் 12 காரணங்களைத் தொகுத்தபோது முதல் இடத்தில் வைத்தது தொடர்புக் குறைபாட்டை. இன்று விமானப் பராமரிப்புப் பட்டறைகளின் சுவர்களில் அந்தப் பட்டியல் சுவரொட்டியாக இருக்கிறது. அதற்குக் கீழேயே நின்று ‘மத்தபடி ஒண்ணும் இல்ல’ என்று சொல்லிவிட்டுப் போவதும் நடக்கத்தான் செய்யும்.

மின்னணு டெக் லாக் வந்தால் இதெல்லாம் தீரும் என்று சிலர் நம்புகிறார்கள். கையெழுத்துப் புரியாத தொல்லை தீரும். காலக்கெடுவை இயந்திரமே எண்ணும். அதே பழுது மூன்றாம் முறை வந்தால் மணியடிக்கவும் வைக்கலாம். கியூஇசட்8501 வகைக் குறைக்கு அது நல்ல மருந்து. ஆனால் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துத் தட்டும் வசதி, சொந்தமாக ஒரு வரி எழுதும் பழக்கத்தைத் தின்றுவிடும் அபாயமும் கூடவே வருகிறது. பொறியாளர் தான் பார்த்ததை எழுத வேண்டிய இடம் திரையில் பெரிதாக, காலியாக, கட்டாயமாக இருக்க வேண்டும்.

அந்த ஏபியு பதிவை வேறு எப்படி எழுதியிருக்கலாம்? ஏபியு நன்றாகக் கிளம்புகிறது, மின்சாரம் தருகிறது; காற்று வால்வு மூடாததால் கையால் மூடிப் பூட்டப்பட்டது; காற்றுக்கு ஏபியுவைப் பயன்படுத்தக் கூடாது; போகும் நிலையத்தில் காற்று வண்டி தேவை, மையத்துக்குச் சொல்லியாயிற்று; வால்வு ஏன் மூடவில்லை என்று இன்னும் பார்க்கவில்லை. எழுத இரண்டு நிமிடம் ஆகும். மூத்தவரும் இளையவரும் விமானத்தடிக்கே நடந்துபோய், பூட்டிய வால்வைக் கண்ணால் பார்த்து, கேட்டவர் திரும்பச் சொல்ல இன்னும் பத்து நிமிடம். இளைஞர் பேருந்தைத் தவறவிடக்கூடும். அந்தப் பத்து நிமிடத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. இரண்டு ஷிப்டும் அரை மணி நேரமாவது ஒன்றன்மேல் ஒன்று படியாத பணி அட்டவணையைப் போட்டுவிட்டு, கைமாற்றம் சரியில்லை என்று ஊழியரைக் குறை சொல்வது நியாயமாகாது.

கேப்டனுக்கும் கேட்கும் உரிமை இருக்கிறது. பட்டியல் அனுமதித்தாலும் ஏற்க மறுக்கும் உரிமையும் இருக்கிறது. தள்ளிவைத்த இரண்டு பழுதுகள் தனித்தனியே சாதுவாக இருந்து, சேரும்போது சிக்கலாகலாம். அதைப் பட்டியல் எல்லா நேரமும் முன்கூட்டிச் சொல்லாது, ஆள்தான் யோசிக்க வேண்டும். வெளியே சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று அஞ்சுபவர்களுக்கு சிங்கப்பூரில் சின்கேர் என்ற இரகசியப் புகார்த் திட்டம் இருக்கிறது. போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு நடத்துவது. தண்டிப்பதற்காக ஏற்படுத்தியது அன்று. விமானிகளுக்கு மட்டுமென்று நினைத்துவிட வேண்டாம். ராம்ப்பில் வேலை செய்யும் தம்பி தங்கைகளும் அதில் எழுதலாம்.